ஹவார்டு மதிக்காத வேலை, நாம் எழுதாத கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்.பி.ஏ. பாஸ்கெட்பால் லீகில் ஆடிய டுவைட் ஹவார்டு, இந்த ஆட்டத்தின் பெரியவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது 2025 செப்டம்பர் 6ஆம் தேதி. அது முதல் சென்னையில் பாஸ்கெட்பால் ஆடுகிறவர்கள் கூடும் இடமெல்லாம் அவர் பெயர் அடிபடுகிறது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. ஆனாலும் சரி, பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்கம் ஆனாலும் சரி, ஆட்டம் முடிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கிற நேரத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "அவர் மாதிரி ஒரு சென்டர் இனிமே வருவாரா?" என்று தொடங்குகிறவரே, இரண்டு நிமிடத்தில் "எவ்வளவு பெரிய திறமை, வீணாக்கிட்டாரே!" என்று முடிக்கிறார். (சென்டர் என்பவர் கூடை வளையத்துக்கு, அதாவது ரிங்குக்கு, பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்.) இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வீணானது எது என்று கேட்டால் ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று தடையில்லாமல் எறியும் ஷாட்) என்கிறார்கள், எந்நேரமும் சிரித்த முகம் என்கிறார்கள், அணி அணியாக மாறியது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் காலத்தில் அவரைவிடச் சிறப்பாக யாரும் செய்ய முடியாத ஒரு வேலை அவர் கையில் இருந்தது. அதை அவரே பெரிதாக மதிக்கவில்லை. ரசிகர்களின் ஆதங்கம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. கொஞ்சம் விவரமாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

2004இல் பள்ளியிலிருந்து நேரே வந்த 18 வயது இளைஞரை ஆர்லாண்டோ மேஜிக் அணி அந்த ஆண்டின் முதல் தேர்வாக எடுத்தது. ஆறடி பத்து அங்குலம். பின்னாளில் 120 கிலோ. அந்த உடம்போடு கோர்ட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, பந்தைக் கொண்டுபோகும் வேகமான கார்டு ஆட்டக்காரரோடு போட்டி போட்டு ஓடுவார். 2009, 2010, 2011 என்று அடுத்தடுத்து மூன்று முறை லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். தொடர்ந்து மூன்று முறை அதை வாங்கியவர் அவருக்கு முன் ஒருவரும் இல்லை. ஐந்து சீசன் ரீபவுண்டில் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) முதலிடம், இரண்டு சீசன் ப்ளாக்கில் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது) முதலிடம், எட்டு முறை நட்சத்திர ஆட்டமான ஆல் ஸ்டாருக்குத் தேர்வு, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம். 18 சீசனில் 1,242 ஆட்டம், 14,627 ரீபவுண்ட்.

இந்த எண்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். எண்ணில் வராத வேலையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

எதிரணி கார்டு ஒரு ஸ்கிரீனை, அதாவது தன்னைத் தடுப்பவரின் வழியை மறித்து நிற்கும் தன் அணி ஆளை, சுற்றிக்கொண்டு பந்தோடு வருகிறார். ஸ்கிரீன் போட்ட பெரிய ஆள் ரிங்கை நோக்கி ஓடுகிறார். இப்போது நம் சென்டர் ஒருவர் இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிகமாக முன்னால் ஏறினால் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், நேரே டன்க் (பந்தை ரிங்குக்குள் கையாலேயே திணிப்பது). அதிகமாகப் பின்வாங்கினால் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிதானமாக நின்று ஷாட் எடுப்பார்கள். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், ஒரு கை பாஸ் போகும் வழியில் தாழ்வாக, மறு கை ஷாட்டுக்கு மேலே. கார்டின் இடுப்பைப் பார்க்க வேண்டும், பந்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். சாதாரண சென்டர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தடுப்பார். ஹவார்டு இரண்டையும் தடுத்தார். கார்டு ஷாட்டுக்கு எழும்பினால் இரண்டு அடியில் எட்டிவிடுவார். பந்தை மேலே தூக்கினால் அதற்குள் திரும்பி அங்கேயும் கை நீட்டிவிடுவார்.

ஒருவரே இரண்டு வேலையையும் செய்ததால், ஆர்லாண்டோவின் மற்ற நால்வரும் உள்ளே உதவிக்கு ஓடி வர வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ஹிடோ டர்க்கோலு, ரஷார்டு லூயிஸ் இருவரும் தடுப்பாட்டத்துக்காகப் பெயர் வாங்கியவர்கள் அல்ல. அவர்களோடு சேர்ந்து அந்த அணி லீகின் முன்னணித் தடுப்பு அணியாக நின்றதற்குப் பின்னால் இருந்தவர்கள் ஹவார்டும் பயிற்சியாளர் ஸ்டான் வான் கண்டியும்தான். 2009இல் நடப்புச் சாம்பியன் பாஸ்டனை 7 ஆட்டத்தில் வென்றார்கள். அடுத்து லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்டை 6 ஆட்டத்தில் முடித்தார்கள். அந்த ஆறாவது ஆட்டத்தில் ஹவார்டு 40 புள்ளி, 14 ரீபவுண்ட். அவரை வெறும் டன்க் ஆள் என்று ஒதுக்குகிறவர்கள் அந்தத் தொடரை ஒரு முறை முழுதாகப் பார்க்க வேண்டும்.

தாக்குதலிலும் அவருடைய உண்மையான ஆயுதம் ஸ்கிரீன்தான். நம் பையன்களுக்கு இது சரியாகச் சொல்லித் தரப்படாததால் படிப்படியாகச் சொல்கிறேன். தோளைவிடச் சற்று அகலமாகக் கால் வைத்து, தடுப்பவர் ஓடப்போகும் வழியில் நிற்க வேண்டும். கைகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ள வேண்டும். மோதல் நடக்கும் கணத்தில் பாதம் அசையக் கூடாது. அசைந்தால் நடுவர் விசில் ஊதுவார், பந்து போய்விடும். நம் ஊர் டோர்னமென்ட்களில் ஸ்கிரீன் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: மோதலுக்கு முன்பே பையன் ரிங்கை நோக்கிக் கிளம்பிவிடுகிறான், அது ஃபவுலாகவும் ஆகிறது, ஸ்கிரீனாகவும் இல்லாமல் போகிறது. மோதல் முடிந்ததும் பந்தின் பக்கம் மார்பைத் திருப்பி, அந்தப் பக்கத்துக் காலால் பெரிய அடி எடுத்து வைத்து, கையை முகத்துக்கு மேல் உயர்த்திக்கொண்டு ஓட வேண்டும். பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்புகிறவனுக்கு யாரும் பாஸ் தர முடியாது.

ஹவார்டு இப்படி ஓடினால் எதிரணியில் மூலையில் நிற்கும் ஆள் கட்டாயம் உள்ளே வந்து அவரை இடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு புள்ளி போய்விடும். அந்தத் தடுப்பாளர் உள்ளே வந்த நொடியில் மூலையில் ஆர்லாண்டோ ஆள் ஒருவர் தனியாக நிற்பார். என்.பி.ஏ.வில் மூலை மூன்று புள்ளிக் கோடு 22 அடிதான், அதாவது 6.71 மீட்டர், வளைவின் உச்சியிலோ 23 அடி 9 அங்குலம், ஏறக்குறைய 7.24 மீட்டர். அரை மீட்டர் குறைவான தூரத்திலிருந்து, கை மறைக்க ஆளில்லாமல் ஒரு ஷாட். ஆர்லாண்டோ அந்த ஆண்டுகளில் மூன்று புள்ளி மழை பொழிந்ததற்கு அதுதான் காரணம். பந்தைத் தொடாமலேயே ஹவார்டு சம்பாதித்துக் கொடுத்த புள்ளிகள் அவை. அவர் பெயரில் ஒரு வரவும் எழுதப்படவில்லை.

அவருக்கும் அது வரவாகத் தெரியவில்லை. அவருக்குப் பிடித்தது போஸ்ட்: ரிங்குக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைக் கேட்டு வாங்கி, தோளால் தள்ளிக்கொண்டு போய் ஹூக் ஷாட் எடுப்பது. பழைய காலத்துப் பெரிய சென்டர்கள் அப்படித்தான் பேர் வாங்கினார்கள், அந்த ஆசையைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். இடம் பிடிக்க இரண்டு மூன்று நொடி, உள்ளே பாஸ் போக இரண்டு நொடி, இரண்டு டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது), ஒரு திருப்பம். 24 நொடி ஷாட் கிளாக்கில் பெரிய பங்கு கரைந்துவிடும். மற்ற நால்வரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். இரண்டாவது தடுப்பாளர் வந்து பந்தைத் தட்டினால் அது எதிரணியின் வேகத் தாக்குதலாக மாறிவிடும். இரட்டைத் தடுப்பிலிருந்து பந்தைச் சரியான ஆளுக்கு அனுப்பும் திறமை ஹவார்டுக்குக் குறைவு. வாழ்நாள் சராசரியே ஆட்டத்துக்கு 2 அசிஸ்டுக்கும் (புள்ளியில் முடியும் பாஸ்) கீழ். எதிரணிகள் இதையெல்லாம் தெரிந்தே அவரை போஸ்ட்டில் ஆட விட்டன.

ப்ளாக்கிலும் ஒரு குறை உண்டு. பந்தை வாலிபால் ஸ்மாஷ் மாதிரி அடித்து ரசிகர்கள் இருக்கும் வரிசைக்கு அனுப்புவார். அரங்கமே எழுந்து நிற்கும். ஆனால் வெளியே போன பந்து மறுபடி எதிரணிக்குத்தான். அறுபதுகளில் பில் ரஸ்ஸல் பந்தை மெல்லத் தட்டித் தன் ஆளிடமே விழச் செய்து, அங்கிருந்து தாக்குதலைத் தொடங்கிவைப்பார். விரல் நுனியால் மேல்நோக்கித் தட்டினால் பந்து உள்ளேயே நிற்கும். உள்ளங்கையால் வீசி அடித்தால் வெளியே பறக்கும். நம் பையன்கள் அந்த வீச்சைத்தான் யூடியூப்பில் பார்த்துப் பழகுகிறார்கள். கையை வீசுவதால் ஃபவுலும் சேர்ந்துகொள்கிறது. என்.பி.ஏ.வில் ஆறு ஃபவுலுக்குத்தான் வெளியே போக வேண்டும், நமக்கு ஐந்து. இரண்டு கையையும் நேர் மேலே தூக்கி, நின்ற இடத்திலேயே செங்குத்தாக எழும்புகிறவன் மேல் வந்து மோதினால் அது அவன் ஃபவுல் அல்ல. கையை முன்னால் சாய்த்தால் ஃபவுல். இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் ஹவார்டின் கடைசிக் கால ஆட்டங்களைப் பார்க்கச் சொல்வேன்.

இனி ஃப்ரீ த்ரோ. எல்லாரும் சிரிக்கிற விஷயம் என்பதால் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2009 இறுதித் தொடரின் 4ஆவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு எதிராக. அமெரிக்காவில் ஜூன் 11 இரவு, நமக்கு மறுநாள் காலை. அன்று ஹவார்டு 21 ரீபவுண்ட், 9 ப்ளாக். இறுதித் தொடரின் ஓர் ஆட்டத்தில் 9 ப்ளாக் என்பது சாதனை. ஆர்லாண்டோ 87-84 என்று முன்னணியில் இருக்க, 11.1 நொடி மிச்சம் இருக்கும்போது அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்திருந்தால் நான்கு புள்ளி வித்தியாசம், ஒரே ஷாட்டில் சமன் செய்ய வழியில்லை. இரண்டும் தவறின. 4.6 நொடி இருக்கும்போது டெரெக் ஃபிஷர் மூன்று புள்ளி அடித்தார். கூடுதல் நேரத்தில் லேக்கர்ஸ் 99-91 என்று வென்று தொடரில் 3-1 ஆனது. ஒரே மனிதர், ஒரே இரவு: சாதனைத் தடுப்பும் அவரே, கை நழுவிய கோப்பையும் அவரே. மேஜிக் ரசிகர்களின் இரண்டு மனசும் பிறந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அவருக்கு ஃப்ரீ த்ரோவே தெரியாது என்பது பொய். முதல் சீசனில் 67 சதவீதம் போட்டார். அப்புறம் ஆறு ஆண்டு 59 பக்கம். 2011-12இல் 49. வாழ்நாள் கணக்கு 56.7. பயிற்சி கூடக் கூட ஒருவர் ஏறத்தானே வேண்டும், ஏன் இறங்கினார்?

கணக்கு இப்படி. கோட்டிலிருந்து போர்டுக்கு 15 அடி, நாம் ஆடும் ஃபிபா (உலக பாஸ்கெட்பால் அமைப்பு) விதியில் 4.60 மீட்டர். ரிங் 3.05 மீட்டர் உயரத்தில், உள்விட்டம் 45.7 செ.மீ. பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து 45 பாகையில் இறங்கினால் அதற்குத் திறந்திருக்கும் வாய் 32 செ.மீ.; 35 பாகையில் இறங்கினால் 26 செ.மீ.தான். 32 பாகைக்குக் கீழே வந்தால் விளிம்பில் படாமல் உள்ளே போகவே வழியில்லை. ஆகவே உயரமான ஆளுக்கும் வளைவு வேண்டும். உயரமாக இருப்பதால் சற்றுத் தள்ளிவிட்டாலே போதும் என்று நினைப்பதுதான் முதல் தப்பு. நம் பள்ளி அணிகளில் உயரமான பையன்கள் தட்டையாக எறிந்து முன் விளிம்பில் அடிப்பதும் இதனால்தான்.

வளைவு காலிலிருந்து வருகிறது. முழங்கால் மடங்கி நிமிரும்போதே பந்தும் மேலே வந்து, அதே ஓட்டத்தில் விரலை விட்டுப் போக வேண்டும். ஹவார்டின் பழைய ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும்: பந்து நெற்றிக்கு மேல் வந்ததும் ஒரு கணம் நின்றுவிடும். கால் கொடுத்த விசை அந்த நிறுத்தத்தில் செத்துப்போகும். மிச்சத்தைத் தோளும் கையும் தள்ள வேண்டும். அவ்வளவு தசை உள்ள தோள் மெதுவாகத் தள்ளப் பழகியதல்ல. ஒரு முறை பின் விளிம்பில் இடிக்கும், மறு முறை அதற்குப் பயந்து முன்னால் விழும். கை பெரிது என்பது இன்னொரு சிக்கல். பந்து விரல்களில் உட்காராமல் உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். பந்துக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால்தான் பின்சுழற்சி கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடக் கெடுத்தது, முறையை மாற்றிக்கொண்டே போனது. பல பயிற்சியாளர்கள், பல யோசனைகள். சுமாரான முறையையே பத்து ஆண்டு மாற்றாமல் போட்டால் 65ஐத் தொட முடியும். நல்ல முறையை ஆண்டுக்கு ஒன்றாக மாற்றினால் எதுவும் உடம்பில் தங்காது.

எதிரணிகள் இதைப் பயன்படுத்திக்கொண்டன. ஒரு தாக்குதலுக்கு லீக் அணிகள் ஏறத்தாழ ஒரு புள்ளிக்கு மேல் கொஞ்சம் எடுக்கும். 50 சதவீதம் போடுகிறவரை வேண்டுமென்றே பிடித்து இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தால் சராசரி ஒரு புள்ளி. மூன்று புள்ளி அபாயமும் இல்லை. 2012 ஜனவரி 12 அன்று கோல்டன் ஸ்டேட் அணி இதைத்தான் செய்தது. ஹவார்டு 39 ஃப்ரீ த்ரோ எறிந்தார், 21 விழுந்தது. 1962இல் வில்ட் சேம்பர்லின் எறிந்த 34ஐத் தாண்டிய சாதனை. 45 புள்ளி, 23 ரீபவுண்டோடு ஆர்லாண்டோ 117-109 என்று வென்றது. ஆக அந்த உத்தி அன்று தோற்றது. இதைச் சொல்லாமல் 18 தவறியதை மட்டும் சொல்வது நியாயமில்லை.

நம் பயிற்சியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த உத்தியை இங்கே அப்படியே போட முடியாது. ஃபிபா விதியில் பந்தை ஆட முயலாமல் ஆளைப் பிடித்தால் அது ஒழுக்கமற்ற ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோவோடு பந்தும் எதிரணிக்கே போகும். ஃப்ரீ த்ரோ எறிய என்.பி.ஏ.வில் 10 நொடி, நமக்கு 5 நொடிதான். அங்கே நட்சத்திரங்கள் செய்கிற நீண்ட சடங்கைப் பார்த்துப் பழகினால் இங்கே விசில்தான் மிச்சம். மூன்று டிரிபிள், ஒரு மூச்சு, எறி. அதற்குமேல் நேரமில்லை. சென்னை வெயிலில் வியர்த்த கையோடு கோட்டுக்குப் போவதற்கு முன் கையையும், சிமென்ட் தரைத் தூசி ஒட்டிய ஷூ அடியையும் துடைத்துக்கொள்வதும் முறையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். ஓய்வாக நின்று 100 எறிவதைவிட, இரண்டு முறை கோர்ட் நீளம் ஓடிவிட்டு இரண்டு எறிவது, மறுபடி ஓடுவது, இப்படிப் பத்து சுற்று. ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோ வருவது அப்படித்தான்.

ஆர்லாண்டோவை விட்டுப் போன கதையை விரிக்க விரும்பவில்லை. 2012 மார்ச்சில் இன்னும் ஓர் ஆண்டு இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டார். ஏப்ரலில் வான் கண்டி, தன்னை நீக்கச் சொல்லி ஹவார்டு கேட்டிருப்பதாக நிருபர்களிடமே சொன்னார். அது தெரியாமல் ஹவார்டு வந்து அவர் தோளில் கை போட்டார். அந்தக் காட்சியை மேஜிக் ரசிகர்கள் மறக்கவில்லை. அதே மாதம் அவருக்கு முதுகுத் தண்டில் அறுவை சிகிச்சை. ஆகஸ்டு 10 அன்று நான்கு அணிப் பரிமாற்றத்தில் லேக்கர்ஸ். போவது ஆட்டக்காரரின் உரிமை. இருப்பேன், போவேன் என்று ஓர் ஆண்டு முழுக்க ஊரை ஊசலில் வைத்ததுதான் காயம். 2013 மார்ச் 12 அன்று லேக்கர்ஸ் சட்டையில் ஆர்லாண்டோவுக்குத் திரும்பியபோது அரங்கமே கூச்சலிட்டது. அன்றும் 39 ஃப்ரீ த்ரோ, தன் சாதனையையே சமன் செய்தார்; இம்முறை 25 விழுந்தது. 39 புள்ளி எடுத்து லேக்கர்ஸை வெல்ல வைத்தார்.

லேக்கர்ஸில் நடந்ததுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. அங்கே ஸ்டீவ் நாஷ் இருந்தார். ஃபீனிக்ஸில் அமரே ஸ்டூடமயரோடு சேர்ந்து பிக் அண்ட் ரோலை, அதாவது ஸ்கிரீன் போட்டவர் ரிங்கை நோக்கி ஓடிப் பாஸ் வாங்கும் ஆட்டத்தை, ஒரு கலையாக்கியவர். சீசன் தொடங்கிய கொஞ்ச நாளில் அதே ஃபீனிக்ஸின் பயிற்சியாளர் மைக் டி'ஆன்டோனியும் வந்தார். உலகின் சிறந்த ஸ்கிரீன் ஆளுக்கு உலகின் சிறந்த பாஸ் ஆள். ஹவார்டோ போஸ்ட்டில் பந்து வரவில்லை என்று குறைப்பட்டார். நாஷுக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்ததையும், ஹவார்டு முதுகு முழுதாக ஆறாமலும் தோள் சவ்வு கிழிந்தும் 76 ஆட்டம் ஆடியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த சீசனிலும் ரீபவுண்டில் அவரே முதலிடம். முடிவில் சான் அன்டோனியோ 4-0 என்று துடைத்தெறிந்தது. கடைசி ஆட்டத்தில் ஹவார்டு நடுவரால் வெளியேற்றப்பட்டார். அணியின் நட்சத்திரம் கோபே பிரையன்ட் குதிகாலின் அகில்லிஸ் தசைநார் அறுந்து ஊன்றுகோலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டுகள் வேகமாக ஓடிவிட்டன: ஹூஸ்டன், சொந்த ஊர் அட்லாண்டா, சார்லட், வாஷிங்டன். சார்லட்டில் 2018 மார்ச்சில் புரூக்ளினுக்கு எதிராக 32 புள்ளி, 30 ரீபவுண்ட் எடுத்தார். அந்தக் கோடையிலேயே அவரைக் கைமாற்றிவிட்டார்கள். 30 ரீபவுண்ட் எடுக்கும் ஆளை ஓர் அணி ஏன் வேண்டாம் என்கிறது என்று இங்கே பலர் கேட்டார்கள். பதில் மேலே சொன்னதுதான்: அவர் கேட்ட பந்து வேறு, அணிக்குத் தேவைப்பட்ட வேலை வேறு.

2019இல் அந்தப் பிடிவாதம் விட்டது. உத்தரவாதம் இல்லாத ஒப்பந்தத்தில் லேக்கர்ஸ் மறுபடி எடுத்தது. ஆட்டத்துக்கு 19 நிமிடம், பெரும்பாலும் பெஞ்சிலிருந்து. ஸ்கிரீன் போடு, ஓடு, இடி, ரீபவுண்ட் எடு, அவ்வளவுதான் வேலை. 7.5 புள்ளி, 7.3 ரீபவுண்ட். 2020 மேற்குப் பிரிவு இறுதியில் டென்வரின் நிகோலா யோகிச்சை உடம்போடு உடம்பாக நின்று களைக்க வைத்தார்; 4ஆவது ஆட்டத்தில் தொடக்க ஐவரில் இறங்கி 12 புள்ளி, 11 ரீபவுண்ட். மயாமிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் அவரை உட்கார வைத்து அலெக்ஸ் கரூசோவைத் தொடக்கத்தில் இறக்கினார்கள். லேக்கர்ஸ் 106-93 என்று வென்று கோப்பை வாங்கியது. கொரோனாவால் அந்தத் தொடர் நடந்த இடம் ஆர்லாண்டோ அருகே டிஸ்னி வளாகம். 2009இல் நழுவிய அதே ஊர்ப் பக்கத்தில், 34 வயதில், பந்தைக் கேட்காமல் வாங்கிய கோப்பை.

அதனால்தான் "வீணாக்கிட்டார்" என்ற சொல் எனக்குப் பொருந்தவில்லை. பல ஆண்டு தாமதமாகத் தன் வேலையை ஏற்றுக்கொண்டார் என்பதே சரி. அந்த ஆண்டுகளுக்காக ரசிகர்கள் கோபப்படுவதில் தப்பில்லை. அதே சமயம், 2021 அக்டோபரில் என்.பி.ஏ. 75ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட, லீகின் சிறந்த 76 பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லாதது அநியாயம் என்றும் சொல்வேன். மூன்று முறை சிறந்த தடுப்பாட்டக்காரரை விட்டுவிட்டு எழுதிய பட்டியல், தடுப்பாட்டத்தை எவ்வளவு குறைவாக எடை போடுகிறோம் என்பதைத்தான் காட்டுகிறது. 2025 மார்ச்சில் ஆர்லாண்டோவே தன் அணியின் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

இதை ஒரு சென்னை நாளிதழுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. ஹவார்டு செய்த தப்பை நம் மைதானங்களில் தினமும் பார்க்கலாம். அணியிலேயே உயரமான பையனை ஸ்கிரீன் போடச் சொன்னால் தண்டனை கொடுத்த மாதிரி முகத்தைத் தொங்கப் போடுகிறான். பந்து வந்தால்தான் ஆட்டம் என்று நினைக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவன் வேலையை நாம் எங்கேயும் எழுதி வைப்பதில்லை. உள்ளூர் டோர்னமென்ட் மேசையில் இருக்கும் ஃபிபா ஸ்கோர் ஷீட்டில் புள்ளி இருக்கிறது, ஃபவுல் இருக்கிறது, டைம் அவுட் இருக்கிறது. ரீபவுண்டுக்கு இடமில்லை, ப்ளாக்குக்கு இடமில்லை. விழுந்த ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு கரும்புள்ளி வைக்கிறோம். தவறியது எங்கும் பதிவாவதில்லை. ஒரு பையன் பத்துக்கு நான்கு போடுகிறானா எட்டு போடுகிறானா என்று சீசன் முடிவில் அவன் பயிற்சியாளருக்கே தெரியாது. மறுநாள் பத்திரிகைகளில் வருவது "அதிகபட்சமாக இவர் 24 புள்ளிகள் எடுத்தார்" என்ற ஒரே வரி.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு இல்லை. ஸ்கோர் மேசையில் கூடுதலாக இரண்டு பேர், அணிக்கு ஒருவர். ஆளுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு. ஒவ்வோர் ஆட்டக்காரர் பெயருக்கும் எதிரே ஆறு கட்டம்: தாக்குதல் ரீபவுண்ட், தடுப்பு ரீபவுண்ட், ப்ளாக், எறிந்த ஃப்ரீ த்ரோ, விழுந்த ஃப்ரீ த்ரோ, புள்ளியில் முடிந்த ஸ்கிரீன். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் பழக்கம் வேண்டும்: ஸ்கிரீன் போட்டதும் அந்த ஆள் எண்ணை வாயில் சொல்லிக்கொள்ள வேண்டும், பந்து விழுந்தால் குறிக்க வேண்டும், விழாவிட்டால் விட்டுவிட வேண்டும். கண்ணைப் பந்தை விட்டு எடுப்பதுதான் கஷ்டம். கல்லூரி ஜூனியர் மாணவர்களை உட்கார வைத்தால் நாலைந்து ஆட்டத்தில் கை பழகிவிடும். ஆட்டத்தையும் வேறு கண்ணோடு பார்க்கக் கற்றுக்கொள்வார்கள்.

போட்டி நடத்துகிறவர்களிடம் இந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கும்படி தங்கள் விளையாட்டு நிருபர்களுக்குச் சொல்ல வேண்டுகிறேன். முதலில் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களிடம் இருக்காது. இரண்டு மூன்று முறை கேட்டால் எழுதத் தொடங்கிவிடுவார்கள். 24 புள்ளி எடுத்தவர் பெயருக்குக் கீழேயே "14 ரீபவுண்ட், 3 ப்ளாக், 6 ஸ்கிரீன்" என்று சென்டரின் பெயரும் ஒரு வரி வரட்டும்.

இப்படிக்கு,
கூடைப்பந்துப் பயிற்சியாளர்,
பெரம்பூர், சென்னை - 11